நாற்காலிக்குச் செருப்பான ரப்பர்

மொஹாச்,
மார்ச் 12, 2019

திருவாளர் பாலிண்ட் அவர்களுக்கு,

நான் அக்கா மர்கித் வீட்டில் இருக்கிறேன். நலமாக இருக்கிறேன். தேட வேண்டாம். சமையலறை மேஜை மேல் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன். அதன் மேல் காபிக் கோப்பையை வைத்திருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஓயாமல் போன் செய்கிறீர்கள். எடுக்க மாட்டேன். போனில் உங்களோடு பேசுவது, டேபிள் டென்னிஸ் மேஜையை ஒட்டி நின்றுகொண்டு உங்கள் ஸ்மாஷை வாங்குவது மாதிரி. நான் சாப் ஆடுகிறவள், பந்தை அடியில் வெட்டித் திருப்பி அனுப்புகிறவள். எனக்குத் தள்ளி நிற்க இடம் வேண்டும். பந்து விழுந்து, எழும்பி, களைத்து இறங்கும்வரை நேரம் வேண்டும். அதனால்தான் கடிதம். தபால்காரர் நடுவில் இருக்கட்டும்.

போன வாரம் என் பிறந்தநாளன்று நடந்ததை எழுத்தில் வைக்கிறேன். பிற்பாடு ‘நான் அப்படிச் செய்யவே இல்லை’ என்று நீங்கள் சொல்லக்கூடாது. என் மட்டையின் கறுப்புப் பக்கத்தில் ஏழு வருடமாக இருந்த, முளை வைத்த பிம்பிள் ரப்பரை என்னைக் கேட்காமல் உரித்தீர்கள். அதிலிருந்த ஒவ்வொரு முளையும் எந்தப் பக்கம் சாயும் என்று என் மணிக்கட்டுக்குத் தெரியும். கீழ் மூலையில் சில முளைகள் உதிர்ந்திருந்தன. அந்த இடத்தில் பட்ட பந்து வலையைத் தாண்டியதும் உயிரை விட்டுவிடும். அந்த ரப்பரை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அதை எடுத்துவிட்டு, கடைக்காரன் ‘இது இன்னும் வேகமா போகும்’ என்று சொன்ன புதியதை ஒட்டி, ரிப்பன் கட்டிக் கொடுத்தீர்கள். வேகமாகப் போகுமாம்! வேகத்தைக் கொல்வதையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு!

அதைக்கூட மன்னித்திருப்பேன். பழையது எங்கே என்று கேட்டேன். நீங்கள் என் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெருமையோடு காட்டினீர்கள். நான்கு காலுக்கும் நான்கு வட்டம். என் ரப்பரை வெட்டி நாற்காலிக்குச் செருப்புப் போட்டிருந்தீர்கள்.

என் நீல நிற விளையாட்டுச் சட்டையை அனுப்பி வைக்கவும். ஜன்னலோர ஜெரேனியத்துக்குத் தண்ணீர் ஊற்றவும். முகத்தில் அல்ல, வேரில்.

இப்படிக்கு,
பிரோஷ்கா


கலோச்சா,
மார்ச் 16

பிரோஷ்கா!

திருவாளரா? அவர்களுக்கா? கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நீ என்னை ஒரு நாளாவது ‘நீங்கள்’ என்று கூப்பிட்டது உண்டா? பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போடும்போதுகூட “டேய், அந்தப் பேனாவைக் குடு” என்றுதானே கேட்டாய்! கடிதத்தைப் படித்ததும் வேறு யாருக்கோ வந்ததைப் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

சீட்டைப் பார்த்தேன். கோப்பை வைத்தது உண்மை.

இப்போது ரப்பர். முதலாவது, அது பழசு! முளை உதிர்ந்த ரப்பரை வைத்து ஆடுவது பல் உதிர்ந்த சீப்பால் தலை வாருவது மாதிரி. புதுசு வாங்கிக் கொடுத்தவனைத் திட்டும் மனைவியை இந்த ஹங்கேரி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. இரண்டாவது, “இந்த நாற்காலி கிறீச் கிறீச்னு உயிரை வாங்குது, கீழ் வீட்டு ஒலா அம்மா துடைப்பத்தால இடிக்குது, ஏதாவது செய்யேன்” என்று வருடக்கணக்காக என் காதைத் தின்றது யார்? செய்தேன்! ஒரே நாளில் இரண்டு நல்ல காரியம்! அதுவும் உன் நாற்காலிக்குத்தான் ஒட்டினேன். என் நாற்காலி இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதிலிருந்தே என் மனசு தெரியவில்லையா?

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. நீ இல்லாமல் போன ஆட்டத்தில் தோற்றுப்போனோம். உன் இடத்தில் பெர்சி மாமாவை இறக்கினேன். வாழ்நாளெல்லாம் நடுவராகவே இருந்த மனிதர் இல்லையா? தன் சர்வீஸ் விதிப்படி இல்லை என்று தனக்கு எதிராகத் தானே பாயிண்ட் கொடுத்துக்கொண்டார். நான் கத்தினேன். எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார். நம் அணிக்காக ஆடிக்கொண்டே!

வா!

பாலிண்ட்

பி.கு. ஜெரேனியத்துக்கு முகம் எது?


மொஹாச்,
மார்ச் 25

திருவாளர் பாலிண்ட் அவர்களுக்கு,

சட்டை வந்தது. நன்றி. அது உங்களுடையது.

புதிய ரப்பரை வைத்து நான் ஆடிய ஒரே ஆட்டத்தை நீங்களும்தான் பார்த்தீர்கள். பல் டாக்டர் ஷிமோன் ஒரு டாப் ஸ்பின் போட்டார். வழக்கம்போல வெட்டினேன். பந்து மேஜையைத் தாண்டி, அவரைத் தாண்டி, ஹால் ஓரத்துப் பஃபேயில் யாரோ ஒருவரின் பீன்ஸ் சூப்பில் போய் விழுந்தது. இத்தனை வருடமாக என்னிடம் தோற்றுக்கொண்டிருந்த மனிதர் கிட்டே வந்து, “உடம்புக்கு முடியலையா பிரோஷ்கா?” என்று கேட்டார். பல்லைப் பிடுங்கும்போதுகூட அவர் முகத்தில் அத்தனை இரக்கம் இருந்ததில்லை. அன்று ராத்திரிதான் பையைக் கட்டினேன்.

ஆனால் நான் வந்தது ரப்பருக்காக மட்டும் இல்லை. இதை அவசரப்படாமல் படியுங்கள். பிறந்தநாளன்று கேக் வெட்டுவதற்கு முன் நான் ஒன்று சொல்ல வந்தேன். “பாலிண்ட், நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன்” என்று தொடங்கினேன். “இரு, இரு, முதல்ல இதைப் பிரி!” என்று பெட்டியைக் கையில் திணித்தீர்கள். சொல்ல வந்தது இன்னும் என் வாயிலேயே இருக்கிறது. எத்தனை வருடமாக இப்படி! நான் பேசத் தொடங்கினால் மூன்றாவது வாக்கியத்துக்குள் நீங்கள் புகுந்து முடித்துவிடுகிறீர்கள். உங்கள் ஆட்டமும் அதேதான். சர்வீஸ், ஒரு பந்து, ஓங்கி ஓர் அடி. மூன்று பந்துக்கு மேல் உங்களுக்குத் தாங்காது.

இன்னொரு செய்தி. மொஹாச் கிளப்பில் சேர்ந்துவிட்டேன். அவர்களிடம் ஒரு பழைய பிம்பிள் ரப்பர் இருந்தது. என்னுடையது போல வராது, ஆனால் குடித்தனம் நடத்தலாம். அடுத்த பருவமும் இங்கேயே ஆடச் சொல்கிறார்கள். மர்கித் தன் முடிதிருத்தும் கடைக்கு மேலே உள்ள அறையை எனக்கே தருவதாகச் சொல்கிறாள். இருப்பதா இல்லையா என்று மே 10க்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

பிரோஷ்கா

பி.கு. இலைதான் முகம்.


கலோச்சா,
மார்ச் 29

பிரோஷ்கா!

மொஹாச்சிலா? போயும் போயும் மொஹாச்சிலா? அந்த ஹாலின் தரை சாய்ந்திருக்கும், பந்து தானாக அவர்கள் பக்கம் உருளும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நீதானே! கிளப்பில் சொன்னேன். எல்லாரும் துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். பெர்சி மாமா மட்டும் “மாற்றல் விதிப்படி செல்லும்” என்றார். அவரை அப்படியே தூக்கிப் போடலாம் போல வந்தது.

சரி, நீ என்ன சொல்ல வந்தாய்? சொல். கேட்கிறேன். அது இருக்கட்டும், ஏப்ரல் 27 கடைசி ஆட்டம் யாரோடு என்று பார்த்தாயா? மொஹாச்சோடு! நம் ஹாலில்! அதில் தோற்றால் நாங்கள் கீழ்ப் பிரிவுக்குப் போகிறோம். கடைசிப் போட்டி நானும் நீயும் மோதுகிற மாதிரிதான் பட்டியல் வரும்.

பந்தயம் வைத்துக்கொள்வோம். நான் ஜெயித்தால் நீ வீட்டுக்கு வருகிறாய். நீ ஜெயித்தால் நான் கலோச்சா கடைத்தெரு முழுக்க “சாப்தான் ஆட்டம், மத்ததெல்லாம் கூத்து” என்று கத்திக்கொண்டே நடக்கிறேன். மிளகாய் ஆலை வரைக்கும்! என்ன, சரியா?

பாலிண்ட்


மொஹாச்,
ஏப்ரல் 6

திருவாளர் பாலிண்ட் அவர்களுக்கு,

நான் என்ன கோப்பையா, ஜெயித்துத் தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் வைக்க? பந்தயமெல்லாம் கிடையாது.

உங்கள் கடிதத்தை மர்கித்துக்கு வாசித்துக் காட்டினேன். ‘சொல், கேட்கிறேன்’ என்ற இடத்தில் அவள் தலையில் கிளிப்போடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த வாக்கியம் ‘அது இருக்கட்டும்’ என்று வந்ததும் கடையில் இருந்த மூன்று பெண்களும் சேர்ந்து “அடப்பாவி!” என்றார்கள். அதில் ஒருத்தியை எனக்கு யாரென்றே தெரியாது.

ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இத்தனை வருடம் ஒரே ஹாலில் ஆடியும் நீங்கள் கேட்டதில்லை. இந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்குத் தோளில் எருதின் பலம். பந்து கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் காதில் விழுகிறது. எப்படித் தாங்குகிறாய் என்று என்னைக் கேட்கிறார்கள். நான் எங்கே தாங்குகிறேன்? பின்னால் போய்விடுகிறேன். பந்தின் ஆத்திரம் வழியிலேயே பாதி தீர்ந்துவிடும். முழங்கால் உயரத்துக்கு அது இறங்கி வந்ததும் அடியில் ஒரு வெட்டு. அவன் எவ்வளவு சுழற்றி அனுப்பினானோ அவ்வளவும் திரும்ப அவனிடமே போகிறது. அவனே போட்ட சுழற்சியில் அவனே பந்தை வலையில் போட்டுக்கொள்கிறான். என்னுடையது என்று அதில் ஒன்றுமே இல்லை. எல்லாம் எதிரில் நிற்பவன் கொடுத்ததுதான். பலமாக அடிப்பவனைக் கண்டு எனக்குப் பயமே கிடையாது. ஒன்றுமே தராதவனைக் கண்டால்தான் பயம். அவனுக்கு நான் எதைத் திருப்பிக் கொடுப்பது?

இன்னொன்று. பந்து வலையில் உரசி விழுந்தாலோ மேஜை விளிம்பில் பட்டு ஓடினாலோ, பாயிண்ட் எடுத்தவன் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பான். யாருக்கும் அதில் வருத்தம் இருப்பதில்லை, உள்ளுக்குள் சிரிப்புத்தான். இருந்தாலும் தூக்குவார்கள், ஒரு மரியாதைக்கு. நீங்கள் மட்டும் ஒரு நாளும் தூக்கியதில்லை. “வராத வருத்தத்துக்கு எதுக்குக் கையைத் தூக்கணும்?” என்பீர்கள். அதுவும் என் கணக்கில் இருக்கிறது.

பிரோஷ்கா


கலோச்சா,
ஏப்ரல் 14

பிரோஷ்கா!

மூன்று பந்துக்கு மேல் தாங்காதா? எனக்கா? பார்க்கலாம்!

தினமும் சாயங்காலம் பெர்சி மாமாவோடு பயிற்சி. என்ன பயிற்சி என்று சொல்ல மாட்டேன். எதிரி முகாமில் இருக்கிறாய்.

ஈஸ்டர் திங்களன்று வீட்டிலேயே இரு. காரணம் கேட்காதே.

பாலிண்ட்

பி.கு. ஜெரேனியம் பிழைத்துவிட்டது. எனக்கே ஆச்சரியம்.


மொஹாச்,
ஏப்ரல் 23

திருவாளர் பாலிண்ட் அவர்களுக்கு,

ஈஸ்டர் திங்களன்று ஆண்கள் வந்து பெண்கள் மேல் தண்ணீர் தெளிக்கலாம், பெண்கள் பதிலுக்குச் சாயம் பூசிய முட்டை தரலாம். நல்ல வழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நாலு சொட்டு வாசனைத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாளியோடு வேலி மறைவில் பதுங்கியிருப்பதில்லை. கதவு திறந்ததும் வருவது யார் என்றுகூடப் பார்க்காமல் ஊற்றுவதில்லை.

மர்கித் அன்று காலைதான் சுருள் முடி வைத்துக்கொண்டாள். கடைக்கு அவளே விளம்பரம். ஊற்றிய தண்ணீரில் பாதி அவள் தலையில், மீதி கூடத்துக் கம்பளத்தில். “இவன் என்ன மனுஷனா, தீயணைப்பு வண்டியா?” என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீங்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடியதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அடித்துவிட்டுத்தான் யோசிப்பீர்கள், எதிலும்.

வாசல்படியில் ஒரு முட்டை வைத்திருந்தேன். சிவப்பு. எடுத்தீர்களா?

பிரோஷ்கா


கலோச்சா,
ஏப்ரல் 25

பிரோஷ்கா,

முட்டையைப் பார்த்தேன். கால் வைத்த பிறகு.

உன் அக்காவிடம் சொல், வாளி அவளே வைத்துக்கொள்ளலாம். நல்ல வாளி.

சனிக்கிழமை பார்ப்போம்.

பாலிண்ட்


மொஹாச்,
ஏப்ரல் 28

திருவாளர் பாலிண்ட் அவர்களுக்கு,

பெர்சி மாமா லீக்குக்கு அனுப்பும் அறிக்கையில் ‘விதிப்படி முடிந்தது’ என்று மட்டும்தான் எழுதுவார். நடந்ததை நான் எழுதுகிறேன். யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்.

முதல் நாலு கேம் ஆட்டமாக இருந்தது. நீங்கள் அடித்தீர்கள், நான் வெட்டினேன், ஆளுக்கு இரண்டு. நீங்கள் அப்படி அடித்து நான் பார்த்ததில்லை. ஒரு பந்தை வெளிக்கதவுவரை போய் எடுத்தேன். குளிர்காற்று முதுகில் பட்டது. இரவல் ரப்பர்கூட என் சொல்பேச்சைக் கேட்டது. சொல்வதற்கென்ன, சந்தோஷமாக இருந்தேன். ஐந்தாவது கேமுக்கு முன் துண்டால் முகத்தைத் துடைக்கும்போது ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “நல்லாத்தான் அடிக்கிறே. மூணு பந்துக்கு மேல தாங்காதே, அதான்.” கிண்டலுக்குத்தான் சொன்னேன். வீட்டில் சொல்வது மாதிரி.

அப்புறம் நீங்கள் அடிக்கவே இல்லை.

நான் தள்ளினால் நீங்களும் தள்ளினீர்கள். நான் வெட்டினால் நீங்கள் மெதுவாகத் தொட்டு அனுப்பினீர்கள். இங்கேயிருந்து அங்கே, அங்கேயிருந்து இங்கே. முதலில் கை தட்டினார்கள், அப்புறம் கொட்டாவி விட்டார்கள், அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து பஃபேக்குப் போனார்கள். எங்கள் பஸ் டிரைவர் வந்து, “யாராவது ஒருத்தர் தோத்துத் தொலைங்கம்மா, நான் வீட்டுக்குப் போகணும்” என்று கெஞ்சினார். உங்களுக்கு 5–4 என்று இருக்கும்போது கேம் பத்து நிமிடத்தைத் தாண்டியது. பெர்சி மாமா எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். விரைவு விதியை அறிவித்தார். தன் வாழ்நாளில் முதல்முறை.

விதி எனக்கும் தெரியும். இனி ஒவ்வொரு பாயிண்டுக்கும் சர்வீஸ் கை மாறும்; சர்வீஸை வாங்குகிறவர் பதின்மூன்று முறை பந்தைத் திருப்பி அனுப்பிவிட்டால் பாயிண்ட் அவருக்கு. அதாவது, சர்வீஸ் போடுகிறவர் அதற்குள் அடித்து முடிக்க வேண்டும். எனக்கு அடிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், அடிக்க மாட்டேன் என்று நின்றீர்கள். என் சர்வீஸில் பாயிண்ட் உங்களுக்கு, உங்கள் சர்வீஸில் பாயிண்ட் எனக்கு. ஒவ்வொன்றையும் பெர்சி மாமா சர்ச் பாட்டு மாதிரி உரக்க எண்ணினார். உங்களுக்கு 10–9. என் சர்வீஸ். எனக்கு வந்த ஆத்திரத்தில், நான், பிரோஷ்கா, ஸ்மாஷ் அடித்தேன். இன்னொன்றும் அடித்தேன். நீங்கள் தடுப்புப் பலகைவரை ஓடி ஓடி எடுத்தீர்கள். “பன்னிரண்டு!” இன்னும் ஒன்று அடித்தேன். அதையும் முழங்காலில் விழுந்து எடுத்தீர்கள். பந்து என் பக்கத்து மேஜை விளிம்பில் பட்டுக் கீழே போனது. “பதின்மூன்று!” கேம் உங்களுக்கு. உங்கள் கிளப்பும் தப்பித்தது. வாழ்த்துகள்.

கை குலுக்காமல் பஸ்ஸுக்குப் போனேன். அது தப்புத்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏன் அடிக்கவில்லை? எனக்கு இரக்கம் காட்டினீர்களா, பல் டாக்டர் மாதிரி? கடிதத்தில் அத்தனை தூரம் எழுதினேனே, ஒன்றும் தராதவனைக் கண்டால்தான் எனக்குப் பயம் என்று. ரப்பரில் செய்ததையே மறுபடியும் செய்தீர்கள். எனக்கு எது நல்லது என்று நீங்களே முடிவு செய்து, என்னிடம் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டீர்கள். பஸ்ஸில் அழுதேன். டிரைவர், தான் பேசியதற்காக அழுகிறேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த விளிம்புப் பந்துக்கு நீங்கள் கையைத் தூக்கினீர்கள். தூக்கியதை இறக்கவே இல்லை. பெர்சி மாமா “போதும்ப்பா, கையை இறக்கு” என்று சொல்லும்வரை. அது எதற்கு?

பிரோஷ்கா


கலோச்சா,
மே 3

பிரோஷ்கா,

உன் கடிதம் வந்ததும் எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் முழுக்க ஆச்சரியக்குறியாக வந்தது. கிழித்துவிட்டேன். மறுநாள் எழுதினேன், அதையும் கிழித்தேன். இது மூன்றாவது.

இரக்கம் இல்லை. சத்தியமாக இல்லை. மூன்று பந்துக்கு மேல் எனக்கும் தாங்கும் என்று உனக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். பெர்சி மாமாவோடு அதைத்தான் பயிற்சி செய்தேன். வெறுமனே திருப்பி அனுப்புவது. எவ்வளவு கஷ்டம் தெரியுமா அது! கை துடிக்கிறது, தோள் கெஞ்சுகிறது, பந்து ‘என்னை அடி’ என்று நடுமேஜையில் வந்து உட்காருகிறது. இத்தனை வருடம் நீ இதைத்தான் செய்துகொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. நீ ஏதோ சும்மா பின்னால் நிற்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் நீ அடிக்கத் தொடங்கியதும் உன் முகத்தைப் பார்த்தேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். எங்கேயோ தப்புச் செய்துவிட்டேன், மறுபடியும் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஓடிக்கொண்டே இருந்தேனா, நிறுத்தத் தெரியவில்லை. கையைத் தூக்கியது பந்துக்காக இல்லை.

வராத வருத்தத்துக்குக் கையைத் தூக்க மாட்டேன் என்று சொல்வேனே, அந்த ஆள்தான் நான் இப்போதும்.

நாற்காலியிலிருந்து உன் ரப்பரை உரித்துவிட்டேன். நான்கு துண்டும் இந்த உறையில் இருக்கின்றன. உரிக்கும்போது ஒன்று ஓரத்தில் கிழிந்துவிட்டது. இவற்றை வைத்து ஆட முடியாது என்று தெரியும். இருந்தாலும் உன்னுடையது உன்னிடம்தான் இருக்க வேண்டும். இப்போது வீட்டில் இரண்டு நாற்காலியும் கத்துகின்றன. ஒலா அம்மா நேற்று மேலே வந்தார். துடைப்பத்தோடுதான் வந்தார், ஆனால் திட்டவில்லை. “பிரோஷ்கா எப்ப வர்றா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மே 10 வரப்போகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். தாளில் இடம் இருக்கிறது, எழுதத் துடிக்கிறது, இருந்தாலும் மீதியைக் காலியாக விடுகிறேன்.

பிறந்தநாளன்று நீ என்ன சொல்ல வந்தாய்?


மொஹாச்,
மே 7

பாலிண்ட்,

உன் காலித் தாளை மர்கித் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், வேறு ஏதாவது எழுதி அழித்திருக்கிறாயா என்று. இல்லை என்று தெரிந்ததும் அதை மடித்து என் கையில் கொடுத்தாள். அப்புறம் “தீயணைப்பு வண்டி தேறிடுச்சுடி” என்றாள்.

சொல்ல வந்தது இதுதான். ஜூன் மாதம் சியோஃபோக்கில், ஏரிக்கரையில், மூத்தோர் கலப்பு இரட்டையர் போட்டி. பிப்ரவரியிலேயே நம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். எப்போது கேட்டாலும் நீ என்ன சொல்வாய்? “நான் முன்னால நிப்பேன், நீ பின்னால நிப்பே, நடுவுல ரயில் போகும்.” போகட்டுமே. இரட்டையரில் ஒரு விதி இருக்கிறது, உனக்கும் தெரியும். ஒருவர் மாறி ஒருவர்தான் பந்தைத் தொட வேண்டும். ஒரே ஆள் அடுத்தடுத்துத் தொட்டால் பாயிண்ட் போய்விடும். நீ அடித்துவிட்டு ஒதுங்கு. நான் வெட்டிவிட்டு ஒதுங்குகிறேன். மேஜையில் பழகிவிட்டால் வீட்டிலும் வந்துவிடும் என்று யோசித்து வைத்திருந்தேன். இதைச் சொல்லத்தான் வந்தேன். நீ பெட்டியைத் திணித்தாய்.

அடிப்பதை மட்டும் நிறுத்திவிடாதே. மேஜையில் எவ்வளவு பலம் உண்டோ அவ்வளவையும் கொடு, அதைத்தான் எனக்குப் பிடிக்கும். கேட்பதை வீட்டுக்கு வைத்துக்கொள்.

மொஹாச் கிளப்புக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த இரவல் ரப்பரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், ‘வைத்துக்கொள், எங்களில் யாருக்கும் அதை ஆளத் தெரியாது’ என்றார்கள். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். வாளி ஒன்றும் எடுத்துக்கொண்டு வராதே.

உன் நான்கு துண்டுகளையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எதையும் திருப்பி அனுப்பித்தானே எனக்குப் பழக்கம். வெள்ளிக்கிழமைக்குள் என் நாற்காலியில் ஒட்டிவிடு. போன தடவை முளைப் பக்கத்தை மரத்தில் ஒட்டியிருந்தாய், இத்தனை வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியும். முளைகள் வெளியே தரையைப் பார்க்க வேண்டும். கிழிந்த துண்டு பின்பக்க இடது காலுக்கு, நான் அந்தப் பக்கம் சாய்வதில்லை.

உன் நாற்காலிக்கு ஒன்றும் ஒட்டாதே. அது கத்திக்கொண்டே இருக்கட்டும். நான் பேசும்போது நீ எழுந்திருக்கப் பார்த்தால் எனக்குத் தெரிய வேண்டும்.

உன்
பிரோஷ்கா